சி பிளாக்கில் பெய்த மழை

வெள்ளூரணி மில் காலனியில் குழாய்த் தண்ணீர் இருபத்திரண்டு நாளுக்கு ஒருமுறை என்று ஆகிப்போன வருடம், சித்திரை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சி பிளாக் இரண்டாவது மாடியில் குடியிருந்த சங்கரேஸ்வரியின் கேம் பெட்டிக்குள்ளிருந்து மழை வெளியே வர ஆரம்பித்தது.

கேம் பெட்டி என்று காலனியில் சொன்னார்களே தவிர அது ஒரு முழுக் கம்ப்யூட்டர்தான். இரண்டு கையாலும் பிடிக்கிற அளவு, நடுவில் திரை, இரண்டு ஓரத்திலும் கட்டைவிரலுக்கு ஒவ்வொரு ஸ்டிக், மேல் விளிம்பில் ஃபேன் காற்று வெளியே போக வரிசையாகச் சின்னத் துவாரங்கள். மதுரையில் யாரிடமோ பழையதாக வாங்கி வந்தவர் அவளுடைய கணவர் இளவழகன். மில்லில் எலக்ட்ரீஷியன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை காலை, கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து மூன்று மணி நேரம் விளையாடிவிட்டு, இரண்டாம் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று மேலே இருக்கிற பட்டனை ஒரு அழுத்து அழுத்தி அதைத் தூங்கவைத்து, உறைக்குள் போட்டு, "வந்து பாத்துக்கிறேன்" என்று பெட்டியிடம் சொன்னாரோ அவளிடம் சொன்னாரோ தெரியாமல் சொல்லிவிட்டுப் போனவர், பஸ் ஸ்டாப்பில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். பஸ் வந்தபோது எழுந்திருக்கவில்லை. அவருக்கு நாற்பத்தொரு வயது.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாரும் ஊருக்குத் திரும்பிப் போன பிறகுதான் சங்கரேஸ்வரி அந்த உறையைத் திறந்தாள். பட்டனை அழுத்தியதும் பெட்டி விழித்துக்கொண்டது. ஏதோ ஒரு தேசத்துத் துறைமுகம், மரப்பலகை போட்ட படித்துறை, ஒரு விளக்குக் கம்பம், அதன் கீழே முதுகில் மூட்டையோடு ஒரு ஆள், விடாமல் பெய்கிற மழை. யாரும் நகர்த்தாததால் அந்த ஆள் நின்றுகொண்டே இருந்தான். அவ்வப்போது கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டான், தலையை உதறினான், கால் மாற்றி நின்றான்.

சங்கரேஸ்வரி பஜாரில் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் டெக்னீஷியன், பதினோரு வருட வேலை. ஆகவே அவளுக்கு விஷயம் உடனே புரிந்தது. அந்த விளையாட்டில் நினைத்த இடத்தில் சேவ் பண்ண முடியாது. விளையாட்டுக்குள் இருக்கிற ஏதாவது ஒரு சத்திரத்துக்கு அந்த ஆள் போய்க் கட்டிலில் படுத்தால்தான் பதிவாகும். கடைசியாகப் பதிவானது மூன்று மணி எட்டு நிமிடத்துக்கு முன்னால் என்று மெனு காட்டியது. அதற்குப் பிறகு அவர் விளையாடியதெல்லாம் பெட்டி தூங்கிக்கொண்டிருக்கும் வரைக்கும்தான் இருக்கும். பேட்டரி ஒருமுறை அடியோடு தீர்ந்தால், யாராவது ஒருமுறை அணைத்துப் போட்டால், அந்த மூன்று மணி எட்டு நிமிடம் இல்லாமல் போய்விடும். அவர் இந்த உலகத்தில் கடைசியாக உட்கார்ந்து செய்த காரியம் அதுதான்.

அன்றிலிருந்து இரண்டு வருடம் அவள் அந்தப் பெட்டியை அணையவிடவில்லை. காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் சார்ஜ் பார்ப்பாள். நூறு வரை ஏற்றினால் பேட்டரி சீக்கிரம் கெடும் என்று எண்பதோடு நிறுத்துவாள். மின்சார வாரியம் மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுவதும் கரண்டை நிறுத்துகிற நாளில் பவர் பேங்கில் மாட்டுவாள். மில் காற்றில் பறக்கிற பஞ்சுத்தூசி ஃபேனை அடைத்துவிடும் என்று வெள்ளிக்கிழமைதோறும் பெயிண்டு அடிக்கிற மெல்லிய பிரஷ்ஷால் துவாரங்களைத் தட்டிவிட்டு, கண்ணாடி துடைக்கிற துணியால் திரையைத் துடைத்து, ஸ்டிக்குகளின் மேல் கைபடாமல் அந்த ஆளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மறுபடி தூங்கவைப்பாள். அப்டேட் வேண்டுமா என்று பெட்டி கேட்கும்போதெல்லாம் வேண்டாம் என்பாள். கடைக்கு வருகிற எந்தப் பெட்டியையும் முதல் வேலையாகப் பின்மூடியைக் கழற்றிப் பார்க்கிறவள், பேட்டரி ஒயரை எடுக்காமல் உள்ளே கைவைக்க முடியாது என்பதால், இதை மட்டும் திறந்ததே இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் துவாரங்களின் வழியாக முதலில் ஒரு துளி வந்தது. பிறகு நூல் போல வந்தது. திரவம் பட்டால் உடனே அணைத்துவிட வேண்டும் என்று தினம் பத்துப் பேருக்குச் சொல்கிறவள், அணைக்க முடியாத பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறைத் தொட்டிக்கு நடந்தாள். பெட்டி சூடாகவுமில்லை, புகையவுமில்லை. ஒரு டம்ளரைப் பிடித்தாள், நிரம்பியது. குடித்துப் பார்த்தாள். சில்லென்று, லேசாக மரவாசனை அடித்துக்கொண்டு, நல்ல தண்ணீராக இருந்தது. தூங்கவைத்தால் நின்றது. எழுப்பினால் வந்தது. அங்கே பெய்கிற மழை இங்கே வருகிறது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் கடைக்குப் போக இறங்கியபோது, முதல் மாடி முத்துராக்கு, வீட்டிலேயே மாவாட்டிக் காலனிக்கு இட்லிமாவு கொடுக்கிறவள், ஊறப்போட்ட உளுந்தைக் கழுவத் தண்ணீர் இல்லாமல் அண்டாவுக்கு முன்னால் வெறுமனே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். திரும்ப மேலே ஏறி ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"லாரி வந்துச்சாத்தா?" என்றாள் முத்துராக்கு.

"இல்லக்கா. எங்க வீட்டுக்காரர் பெட்டியில மழை பெய்யுது."

முத்துராக்கு வாளிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். "துவரம்பருப்பு வேகுமா?"

"நேத்து வச்சேன். குழைஞ்சு வெந்துச்சு."

"அப்ப நல்ல தண்ணிதான்" என்று சொல்லிவிட்டு முத்துராக்கு உளுந்தைக் கழுவ ஆரம்பித்தாள்.

அந்த வாரம் முடிவதற்குள் பன்னிரண்டு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. கீழ்வீட்டில் இருந்த நாகலிங்கம் சார், ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர், பிளாக் செயலாளர், எல்லாரையும் படிக்கட்டுப் பக்கம் கூட்டி, பெட்டி சங்கரேஸ்வரியுடையது, அவள் சொல்கிறபடிதான் நடக்க வேண்டும் என்று முதலில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசினார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற சிக்கந்தர் பாய் பிவிசி பைப்பை அறுத்து ஒரு தாங்கி செய்தார். பெட்டி அதில் சாய்ந்து நிற்கும். துவாரங்களிலிருந்து விழுகிற தண்ணீர் பாதியாக வெட்டிய எண்ணெய் கேனில் விழுந்து குழாய் வழியாகக் குடத்துக்குப் போகும். முதல் மாடிப் படிக்கட்டு முகப்பில் ஒரு ஸ்டூலைப் போட்டு அதை வைத்தார்கள். மாடிப்படி விளக்கு எரிகிற பொதுக் கரண்டிலிருந்து சார்ஜருக்கு இணைப்பு எடுத்தார்கள். ஒரு குடம் நிரம்பப் பத்து நிமிடம். ஒரு மணி நேரம் ஓடினால் அரை மணி நேரம் ஓய்வு, சூடு ஆறவேண்டும். வீட்டுக்கு நாலு குடம். இதையெல்லாம் நாகலிங்கம் சார் ஒரு கரும்பலகையில் முத்துமுத்தாக எழுதி, கடைசியில் சங்கரேஸ்வரி சொன்னதையும் எழுதினார்: ஸ்டிக்கையோ பட்டனையோ யாரும் தொடக்கூடாது. அவரை நகர்த்தக்கூடாது.

ஏன் என்று சிலர் கேட்டார்கள். நகர்ந்தால் மழை நின்றுவிடும் போலிருக்கிறது என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். சங்கரேஸ்வரி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இரண்டு வருடம் யார் கையிலும் கொடுக்காத பெட்டியைப் படிக்கட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போன முதல் நாள், மதியத்துக்குள் மூன்று முறை முத்துராக்குக்கு போன் போட்டாள். மூன்று முறையும் முத்துராக்கு, "நிக்கிறாருத்தா, அப்படியேதான் நிக்கிறாரு" என்றாள்.

வைகாசி போய் ஆனி வந்தது. ஊரில் கிணறுகள் சேறாகி, சேறு வெடித்து, லாரிக்காக மற்ற பிளாக்குகளில் விடிந்ததிலிருந்து குடங்கள் நிறம் நிறமாக வரிசையில் நின்றபோது, சி பிளாக்கில் வேறெங்கோ பெய்கிற மழையில் சோறு வெந்தது, துணி வெளுத்தது, பெண்கள் தலைக்குக் குளித்தார்கள், சிக்கில்லாமல் தலைமுடி காய்ந்தது. மிஞ்சியதை ஏ பிளாக்குக்கும் பி பிளாக்குக்கும் கொடுத்தார்கள். நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். ஆழ்துளைக் கிணறு, திறந்த கிணறு, லாரி, குழாய் என்று இருந்த படிவத்தில் இதை எதில் சேர்ப்பது என்று வெகுநேரம் யோசித்து, ஒன்றும் எழுதாமல், ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போனார்.

ஒரு வெள்ளிக்கிழமை யாரோ பெட்டிக்கு மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள். சங்கரேஸ்வரி அதை எடுத்துவிட்டாள். காற்று போகிற வழியை அடைக்கக்கூடாது என்றாள். ஊதுபத்தி வேண்டாம், சாம்பல் உள்ளே போகும் என்றாள். சூடம் வேண்டவே வேண்டாம் என்றாள். அதற்குப் பதிலாகச் செய்யவேண்டியது என்ன என்று கேட்டவர்களுக்குப் பிரஷ்ஷைக் கொடுத்துத் துவாரங்களைத் தட்டக் காட்டினாள். கை ஈரமாக இருந்தால் சார்ஜர் பக்கம் போகாதீர்கள், ஒயரை மடித்து இழுக்காதீர்கள், திரையைத் தாவணி நுனியால் துடைக்காதீர்கள், கீறல் விழும் என்றாள். பஞ்சுத்தூசி படாமலிருக்கப் படிக்கட்டு ஜன்னலில் ஒரு பழைய சேலையை நனைத்துத் தொங்கவிட்டார்கள். தினம் ஒரு வீட்டு முறை. யாரும் முறை தவறவில்லை.

அந்த ஆளுக்கும் அவர்கள் பழகிப்போனார்கள். குடம் நிரம்புகிற பத்து நிமிடமும் வேறு பார்க்க ஒன்றுமில்லாததால் எல்லாரும் அவனையே பார்த்தார்கள். காலரைத் தூக்கும்போது, "குளுருதுபோல" என்பார் சிக்கந்தர் பாய். குடத்தை இடுப்பில் தூக்கியதும் முத்துராக்கு, "வாரேம்ப்பா" என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவாள். நாளடைவில் எல்லாரும் அப்படிச் சொன்னார்கள்.

ஆடி பிறந்து ஏழாம் நாள் காலையில் துடைக்கும்போது திரையின் இடது விளிம்பு லேசாகத் தூக்கியிருப்பதைச் சங்கரேஸ்வரி பார்த்தாள். நகம் நுழைகிற இடைவெளி. பெட்டியைக் கண்ணாடி மேஜையில் வைத்து ஒரு மூலையைத் தொட்டாள். ஆடியது. முதுகு உப்பியிருந்தது.

அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. தினமும் காலை முதல் மாலை வரை சார்ஜில் நின்று, ஓடி, சூடாகி, இரண்டு வருடத்துக்கு மேல் ஒருநாளும் முழுசாக ஓயாத பேட்டரி உள்ளே வாயு கட்டி வீங்கிவிட்டது. கடையில் ஒருமுறை இப்படி வீங்கிய போன் ஒன்று மேஜையிலேயே தீப்பிடித்ததில் அவளுடைய இடது கைப் பெருவிரலில் இன்னும் தழும்பு இருந்தது. தெரிந்தும் மூன்று நாள் அவள் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியைப் படிக்கட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். குழந்தைகள் அதன் பக்கத்தில் நிற்பார்கள் என்று கடையில் உட்கார்ந்து நினைத்தாள். மற்றவர்களின் பேட்டரியைக் கழற்றினாள்.

நாலாம் நாள் மதியம் முத்துராக்குதான் போன் போட்டாள். "ஏத்தா, யாரும் தொடல. சத்தியமாத் தொடல. ஆனா அவரு ஒரு எட்டு நகந்துட்டாரு."

சங்கரேஸ்வரி சிக்கந்தர் பாயின் ஆட்டோவில் வந்து சேர்ந்தபோது அந்த ஆள் விளக்குக் கம்பத்தின் வெளிச்சத்தை விட்டு இரண்டு எட்டு தள்ளி நின்றான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு அரை எட்டு வைத்தான். வீங்கிய பேட்டரி உள்ளே பலகையை நெட்டித் தள்ளியதில் இடது ஸ்டிக் கோணிக்கொண்டு, யாரும் தள்ளாமலே தள்ளிக்கொண்டிருந்தது. அவன் போகிற திசையில் படித்துறை முடிந்து கடல் இருந்தது. விழுந்தால் சாவான். செத்தால் விளையாட்டு பழைய பதிவுக்குத் திரும்பிவிடும். அவள் பெட்டியைத் தூங்கவைத்தாள். தண்ணீர் நின்றது. முறைக்கு நின்ற பெண் நிரம்பாத குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்குப் படிக்கட்டில் பன்னிரண்டு வீட்டாரும் கூடினார்கள். சங்கரேஸ்வரி பெட்டியின் முதுகை எல்லாருக்கும் காட்டினாள்.

"இன்னும் ஒரு பத்து நாள் தாங்காதா தாயி?" என்று மூன்றாம் மாடியிலிருந்து ஒருவர் கேட்டார். "ஆடி பதினெட்டு தாண்டினா நம்மூர்லயே ரெண்டு தூத்தல் விழும்."

"எங்க வீட்ல சிலிண்டர் இந்தச் செவத்துக்கு அந்தப் பக்கந்தான் இருக்கு" என்றார் சிக்கந்தர் பாய். "தண்ணிக்கு நான் ஆட்டோவுல போயி எங்கிட்டாவது அள்ளிட்டு வாரேன்."

"தெனம் நாப்பத்தெட்டுக் கொடம் அள்ளுவீங்களா பாய்?" என்றார் மூன்றாம் மாடிக்காரர்.

பேச்சு கொஞ்ச நேரம் அப்படியும் இப்படியும் போனது. முத்துராக்கு சுவரோடு சாய்ந்து நின்றிருந்தாள். தண்ணீர் நின்றால் முதலில் நிற்கப்போவது அவளுடைய மாவுதான். அது எல்லாருக்கும் தெரியும்.

"ஏ ஈஸ்வரி" என்றாள் அவள். "கடைக்கு ஒருத்தர் இதைக் கொண்டாந்து குடுத்தா நீ என்ன சொல்லுவ?"

"இப்பவே கழட்டணும்னு சொல்லுவேன்."

"அப்ப எங்ககிட்ட எதுக்குத்தா கேக்குற?"

சங்கரேஸ்வரி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். "தண்ணிக்காகக் கேக்கலக்கா" என்றாள். பிறகு, அதுவரை யாரிடமும் சொல்லாததை, கடையில் பழுதைச் சொல்கிற அதே குரலில் சொன்னாள். இது அவர் விளையாடியது. அந்த வெள்ளிக்கிழமை காலையில் விளையாடிய மூன்று மணி நேரம் இதற்குள் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றினால் அது போய்விடும். தண்ணீர் வருவதற்கு முன்னாலிருந்தே அதற்காகத்தான் இதைக் காப்பாற்றினேன். உங்களுக்காக இல்லை. நீங்கள் உங்களுக்காக என்று நினைத்துக்கொண்டு எனக்கு மரியாதை கொடுத்தீர்கள். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

ஜன்னலில் தொங்கிய ஈரச் சேலை காற்றில் உள்ளே வந்து வெளியே போனது.

நாகலிங்கம் சார்தான் கேட்டார். "பதிவு பண்றதுக்கு வழியே இல்லையாம்மா?"

"சத்திரத்துக்குப் போயி படுக்கணும் சார்."

"சத்திரம் எங்கே இருக்கு?"

"மேப்லயும் நெட்லயும் பாத்தேன். படித்துறைலருந்து மேல ஏறி மீன் சந்தையத் தாண்டணும். சந்தையில ரெண்டு திருடனுங்க நிப்பானுங்க. அடிச்சா ஓடணும். எனக்கு இதெல்லாம் வெளையாடத் தெரியாது. ஸ்டிக் ஒழுங்காச் சுத்துதான்னு டெஸ்ட் பண்ணத்தான் தெரியும்."

"வெளையாடத் தெரிஞ்ச பையன் யாரையாச்சும் கூப்புடுவமா?" என்றார் சிக்கந்தர் பாய். "எங்க மச்சான் மகன் இருக்கான்."

சங்கரேஸ்வரி யோசித்தாள். "வேண்டாம் பாய். நானே கூட்டிட்டுப் போறேன்."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். சிக்கந்தர் பாய் ஒரு வாளி நிறைய மணலை அவள் காலடியில் வைத்துவிட்டு, குழந்தைகளைக் கீழே அனுப்பினார். பெட்டியின் துவாரங்கள் கேனுக்கு நேராக இருக்கும்படி முத்துராக்கு அவளுடைய முழங்கையைத் திருப்பிவைத்தாள். அவள் பட்டனை அழுத்தினாள். மழை வந்தது.

இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவளுடைய கட்டைவிரல்கள் அந்த ஸ்டிக்குகளின் மேல் இருந்தன. ரப்பர் ஓரங்களில் தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தது. அவருடைய விரல் தேய்த்த இடம். அந்த ஆள் கடலைப் பார்த்து அரை எட்டு வைத்தான். அவள் வலப்பக்கம் தள்ளினாள். தள்ளிய மாத்திரத்தில் அவன் திரும்பி நடந்தான். கோணிய ஸ்டிக் அவனை விடாமல் இடதுபக்கம் இழுத்தது, அவள் விடாமல் வலதுபக்கம் தள்ளினாள், அதனால் அவன் குடித்தவன் போல ஆடி ஆடிப் படித்துறையின் படிகளில் ஏறினான். பின்னால் குடங்கள் ஒன்று மாற்றி ஒன்று வைக்கப்படுகிற சத்தம் மட்டும் கேட்டது. வேகமாகப் போ என்றும் யாரும் சொல்லவில்லை, மெதுவாகப் போ என்றும் யாரும் சொல்லவில்லை.

மீன் சந்தையில் கூடைகள் கவிழ்ந்துகிடந்தன. முதல் திருடன் தூணுக்குப் பின்னாலிருந்து வந்தான். கம்பால் அடித்தான். திரையின் ஓரத்தில் அந்த ஆளின் உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் உயிர்க்கோடு பாதியாகக் குறைந்தது. சங்கரேஸ்வரி பார்த்த பட்டனையெல்லாம் அழுத்தினாள். அவன் உட்கார்ந்தான், எழுந்தான், மூட்டையைத் திறந்தான், மூடினான். இரண்டாவது அடி விழுந்தது. கோடு சிவப்பாகி ஒரு துணுக்கு மிச்சம் நின்றது.

"அடிக்காத, ஓடுத்தா" என்றாள் முத்துராக்கு, சத்தம் போடாமல், பக்கத்தில் குனிந்து.

அவள் ஓடினாள். ஸ்டிக்கைக் கடைசி வரைக்கும் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். அந்த ஆள் சுவரில் முட்டி, கூடையில் தடுக்கி, மழையில் கோட்டு பறக்க ஓடினான். திருடர்கள் சந்தையின் முடிவு வரைக்கும் வந்து நின்றுவிட்டார்கள். சந்து திரும்பியதும் மஞ்சள் வெளிச்சத்தோடு ஒரு கதவும், கதவுக்கு மேல் ஓட்டுச் சாய்ப்பும் தெரிந்தன. அவன் சாய்ப்பின் கீழே போய் நின்று தலையை உதறினான்.

தண்ணீர் இளைத்து நூலாகி, நூல் அறுந்து சொட்டானது. பெட்டி கைசுடக் கொதித்தது. கதவைத் திற என்று ஒரு பட்டனின் படம் திரையில் வந்து நின்றது. அவள் அழுத்தாமல் இருந்தாள். அப்போது முத்துராக்கு, பாதி நிரம்பிய தன்னுடைய குடத்தைக் கேனுக்கு அடியிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தாள். சங்கரேஸ்வரி அழுத்தினாள்.

உள்ளே ஒரு தடித்த பெண்மணி மேஜைக்குப் பின்னால் நின்று அவனைப் பார்த்து என்னவோ சொன்னாள். எழுத்து ஆங்கிலத்தில் வந்தது. நாகலிங்கம் சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து படித்தார். "ரொம்ப நனைஞ்சிட்டீங்களே, மேலே அறை இருக்குங்கிறா" என்றார். அந்த ஆள் படி ஏறினான். கட்டில் இருந்தது. படுக்கவா என்று கேட்டது. ஆம். பதிவு செய்யவா என்று கேட்டது. ஆம். ஒரு சின்னச் சக்கரம் சுற்றி நின்றது.

அணைப்பதற்கு முன்னால் சங்கரேஸ்வரி ஒரு காரியம் செய்தாள். அந்த மூன்று மணி எட்டு நிமிடத்தில் அவர் என்னதான் செய்தார் என்று பார்க்க, மூட்டையைத் திறந்தாள். வாள் ஒன்று, கயிறு ஒன்று, தூண்டில் ஒன்று, அதன் கீழே வரிசை வரிசையாக மீன். எண்ணினாள். இருபத்தேழு மீன். அவர் எங்கேயும் போகவில்லை, யாரோடும் சண்டை போடவில்லை. மூன்று மணி நேரமும் மழையில் அந்தப் படித்துறையில் நின்று மீன் பிடித்திருக்கிறார்.

"மீன் புடிச்சிட்டு இருந்திருக்காருக்கா" என்றாள். அவள் முகம் சிரிக்கப் போவது போல இருந்தது. பிறகு தலையை முத்துராக்குவின் வயிற்றில் சாய்த்துக்கொண்டு அழுதாள். சாவு வீட்டில் அழாத அழுகை அது என்று பிறகு முத்துராக்கு சொன்னாள். பெட்டியை அவள் மடியிலிருந்து சிக்கந்தர் பாய் பத்திரமாக எடுத்துப் பிடித்துக்கொண்டார்.

அழுது முடித்து முகம் கழுவிவிட்டு அவள் வேலையைப் பார்த்தாள். பட்டனை நீளமாக அழுத்தினாள். திரை கறுத்தது. வாசலில் வெட்டவெளியில் உட்கார்ந்து எட்டு ஸ்க்ரூவையும் கழற்றி, மூடியைத் திறந்து, ஒயரை எடுத்து, இரும்பு படாமல் பழைய ஏ.டி.எம். கார்டு ஒன்றால் ஓரம் ஓரமாக நெம்பி, தலையணை போல் உப்பியிருந்த பேட்டரியை வெளியே எடுத்து மணலுக்குள் வைத்தாள். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஃபேன் இறக்கைகளில் பஞ்சு கம்பளி மாதிரி படிந்திருந்தது. அதைச் சுரண்டி எடுத்தாள். சிப்பின் சூட்டைக் கடத்த அதன் மேல் தடவி, காய்ந்து பொறுக்குத் தட்டியிருந்த பசையை ஸ்பிரிட்டால் துடைத்துப் புதுப் பசை வைத்தாள். இடது ஸ்டிக்கை மாற்றினாள். புது பேட்டரி ஒன்பது நாள் கழித்து வந்தது. அந்த ஒன்பது நாளும் பெட்டி அணைந்தே கிடந்தது. ஏழாம் நாள்தான் அவள் காலையில் எழுந்ததும் பெட்டியைத் தேடாமல் பல் துலக்கப் போனாள்.

மாட்டி எழுப்பியபோது அந்த ஆள் கட்டிலிலிருந்து எழுந்து சோம்பல் முறித்தான். ஜன்னலுக்கு வெளியே வெயில். துவாரங்களிலிருந்து வெறும் சூட்டுக்காற்று வந்தது. அதற்குப் பிறகு அதில் மழை வரவில்லை. விளையாட்டுக்குள் பல இடங்களில் மழை பெய்யத்தான் செய்தது. ஆனால் அது அங்கேயே பெய்தது. சி பிளாக் திரும்பவும் லாரி வரிசையில் நின்றது. முத்துராக்கு இரண்டு மாதம் மாவாட்டவில்லை. கடலைமிட்டாய் கம்பெனிக்குப் பொட்டலம் போடப் போனாள். யாரும் சங்கரேஸ்வரியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐப்பசியில் வழக்கம்போல ஊருக்கு மழை வந்தது, கொஞ்சம் பிந்தி.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் சங்கரேஸ்வரி விளையாடினாள். மோசமாகத்தான் விளையாடினாள். படியேறிப் போகிறவர்கள் கதவருகில் நின்று, "இப்ப எங்க இருக்காரு?" என்று கேட்பார்கள். சந்தையைத் தாண்டியாச்சு என்பாள், ஆற்றைக் கடந்தாச்சு என்பாள். கார்த்திகையில் மலையேறும்போது ஒரு பாறை உருண்டு அந்த ஆள் விழுந்தான். உயிர்க்கோடு சிவப்பாகிவிட்டது. எதையாவது சாப்பிட்டால்தான் தேறுவான். மூட்டையில் சாப்பிட மீனைத் தவிர ஒன்றும் இல்லை.

அவள் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். முத்துராக்கு மாவு கொடுக்க வந்தவள், விஷயத்தைக் கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"என்ன மீனு?"

"பேரு ஒண்ணும் தமிழ்ல இல்லக்கா. செவப்பா, சங்கரா மாதிரி இருக்கு."

"சங்கரா நல்ல மீனாச்சே" என்றாள் முத்துராக்கு. "குடுத்தா. பசிச்சுக் கெடக்காரு."

சங்கரேஸ்வரி பட்டனை அழுத்தினாள். மலையில் நெருப்பு மூட்டி, அந்த ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இளவழகன் பிடித்த மீனைச் சுட்டுச் சாப்பிட்டான். அவன் சாப்பிட்டு முடிக்கும் வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.